விசேடம் ஒன்றும் இல்லை

பணிமனைக்குப் புதிதாக வந்திருக்கும் உங்கள் மூவருக்கும்,

என் மேசையையும் அலுமாரியைப் பூட்டும் திறப்பையும் திங்கட்கிழமை உங்களில் ஒருவரிடம் ஒப்படைத்துவிட்டு ஆசிரிய வேலைக்குப் போகிறேன். கோவைகளை எப்படி அடுக்குவது, எந்தக் கடிதத்துக்கு எத்தனை பிரதி என்பதையெல்லாம் பியோன் அண்ணை சொல்லித்தருவார். நான் சொல்ல நினைப்பது வாராந்த நிலைமை அறிக்கையைப் பற்றி. ஐந்து வருடம் அதை எழுதியவள் நான். ஓய்வுபெற்ற பெரியவர்கள் எழுத வேண்டியதை இருபத்தாறு வயதில் எழுதுகிறாளே என்று உங்களுக்குச் சிரிப்பு வரலாம். படித்து முடித்துவிட்டுச் சிரியுங்கள்.

போர் வரும்போது ஒரு நாடு ஏன் ஆயத்தமில்லாமல் அகப்படுகிறது என்று கேட்டால், தலைநகரில் இருந்த பெரியவர்கள் கவனிக்கவில்லை என்று சொல்வோம். பத்திரிகைகளும் அப்படித்தான் எழுதுகின்றன. அந்தப் பெரியவர்கள் எதைப் பார்த்துத் தீர்மானிக்கிறார்கள் என்று எவரும் கேட்பதில்லை. எங்கோ ஒரு சந்தையில், ஒரு பெட்டைப்பிள்ளை பேனாவும் தாளுமாக நின்று எழுதிய ஒரு சொல்லை அவர்கள் பார்க்கிறார்கள். எனக்குத் தெரிந்த ஒரு போரில் அந்தப் பெட்டை நான்.

என்னைப் பற்றிக் கொஞ்சம் சொல்லவேண்டும். எங்கள் வம்சத்தில் கையெழுத்து வைக்கத் தெரிந்த முதல் ஆள் நான். எனக்கு முன்னர் எல்லோரும் பெருவிரல்தான். எழுபத்தேழாம் ஆண்டு கலவரத்துக்குப் பிறகு, தேயிலைத் தோட்டத்து லயக் குடியிருப்பை விட்டு வன்னிக்கு வந்து, காடு வெட்டிக் குடியேறிய குடும்பங்களில் எங்களுடையதும் ஒன்று. வந்த இரண்டாம் வருடம் மலேரியாவில் அப்பாவும், அதற்கடுத்த வருடம் அம்மாவும் போய்விட்டார்கள். அக்கா கூலிக்கு நாற்று நட்டும் மிளகாய் பிடுங்கியும் என்னைப் படிக்கவைத்தாள். அவளுக்கு ஓரெழுத்தும் தெரியாது. நான் உயர்தரம் சித்தியடைந்து எழுதுவினைஞர் நியமனக் கடிதத்தோடு போன நாளில், அதை வாங்கித் தலைகீழாகப் பிடித்துப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

பள்ளிக்கூடத்தில் என் பேச்சைக் கேட்டுச் சிரித்தார்கள். 'என்னா', 'அங்கிட்டு', 'வந்திச்சு' என்று எது சொன்னாலும் சிரிப்பு. ஒரே வருடத்தில் அந்தப் பேச்சை நாக்கிலிருந்து துடைத்தெடுத்தேன். வேலைக்கு வந்தபோது என் தமிழைக் கேட்டு என்னை யாழ்ப்பாணத்துப் பிள்ளை என்று நினைத்தவர்களும் உண்டு. நான் திருத்தவில்லை.

வந்த புதிதில் செய்த பிழை ஒன்றை முதலில் சொல்லிவிடுகிறேன். காட்டோரக் கிராமம் ஒன்றின் கிராம சேவகர், தொடர்ந்து மூன்று நாட்கள் வெடிச்சத்தம் கேட்டதாக எழுதி அனுப்பியிருந்தார். எனக்குக் கை துறுதுறுத்தது. ஒன்றரைப் பக்கத்துக்கு அறிக்கை எழுதினேன். 'தொடர் வேட்டொலி', 'மக்கள் பதற்றம்', 'உடன் கவனம் கோரப்படுகிறது' என்று கற்ற சொற்களையெல்லாம் அதற்குள் அடுக்கினேன். அது எங்கள் பிரிவுப் பணிமனையிலிருந்து மாவட்டத் தலைமை அலுவலகமான கச்சேரிக்குப் போய், அங்கிருந்து ஆட்கள் வந்து விசாரித்துப் பார்த்தால், வயலுக்குள் இறங்கிய யானைகளைக் கலைக்கக் கமக்காரர் போட்ட வெடி. அறிக்கை திரும்பி வந்தபோது ஓரத்தில் சிவப்பு மையில் ஒரு வரி இருந்தது: "யானைக்கும் யுத்தத்துக்கும் வித்தியாசம் தெரிந்த ஒருவரை நியமிக்கவும்."

பணிமனை முழுக்கச் சிரித்தது. ஒரு மாதம் வரை பியோன் அண்ணை தேத்தண்ணி கொண்டுவரும்போது, "யானைவெடி மிஸ், தேத்தண்ணி," என்றுதான் வைப்பார். அவர் சிரித்தது எனக்கு நோகவில்லை. பெரிய கிளாக்கர் சொன்னது நொந்தது.

"பிள்ளை, அறிக்கை எண்டது கட்டுரைப் போட்டி இல்லை. கேக்கிறதுக்கு மட்டும் மறுமொழி எழுதும். கட்டத்துக்குள்ள எழுதும். கட்டம் சின்னனாப் போட்டிருக்கிறது ஏன் எண்டு நினைக்கிறீர்?"

"ஓம் சேர்," என்றேன்.

அவர் கெட்ட மனிதர் இல்லை. நாற்பது வருடம் அந்தக் கட்டங்களுக்குள் இருந்தவர். ஒருமுறை வீணாகக் கூப்பாடு போட்டுச் சிரிப்புக்கு இடமானவர்கள், அடுத்த முறை வாயைத் திறக்க இரண்டு தடவை யோசிப்பார்கள். நான் அதற்குமேல் வாயைத் திறக்கவே நினைக்கவில்லை. இனி என் அறிக்கையில் ஒரு சொல்கூட மிகையாக இராது என்று தீர்மானித்துக்கொண்டேன். அதன்பிறகு என் அறிக்கைகள்தான் மாவட்டத்திலேயே சுருக்கமானவை என்று கச்சேரியில் சொன்னார்களாம். அதைக் கேட்டு நான் பூரித்துப்போனேன்.

இனி எண்பத்தேழாம் ஆண்டு.

அந்த வருடம் ஒப்பந்தம் வந்தது. அமைதி காக்கவென்று கடல் கடந்து இந்தியப் படை வந்தது. சனம் தெருவில் நின்று மாலை போட்டது உங்களுக்கும் நினைவிருக்கும். எங்கள் குடியேற்றத்தில் சந்தோசம் இன்னும் ஒருபடி அதிகம். வந்த சிப்பாய்களில் சிலர் தமிழர். எங்கள் பாட்டன்மார் கப்பலேறிய ஊர்களின் பெயர்களைச் சொன்னார்கள். படைமுகாமில் சமையல் செய்த ஒருவர் கிழமைக்கு இரண்டு தடவை குடியேற்றத்துக்கே வந்து கத்தரிக்காய் வாங்குவார். என் தாய்மாமா அவரை 'எங்க ஊரு புள்ள' என்றுதான் சொல்வார்.

எங்கள் பகுதிக் கிராம சேவகர் இடம்பெயர்ந்து போய்விட்டதால் அந்தக் குடியேற்றத்தின் தகவலை எடுக்கும் பொறுப்பு என்னிடம் வந்தது. அங்கே அபிவிருத்திச் சங்கத் தலைவர் என் மாமாதான். புதன்கிழமைகளில் அவர் சந்தைக்கு மரக்கறி கொண்டுவருவார். பணிமனையிலிருந்து சந்தை ஐந்து நிமிட நடை. சேலை உடுத்து, படிவத்தை மட்டையில் குத்தி, குடையோடு நான் போய் நிற்பேன். என்னைக் கண்டதும் மாமா சாக்கிலிருந்து எழும்பி, தலைத்துண்டை எடுத்துக் கக்கத்தில் வைப்பார். தன் கையால் தூக்கி வளர்த்த மருமகளுக்கு.

படிவத்தில் கடைசிக் கட்டம் 'விசேட சம்பவங்கள்'. நான் அதை எழுத்துத் தமிழிலேயே கேட்பேன்.

"இந்த வாரம் விசேடமாக ஏதாவது நிகழ்ந்ததா?"

"விசேஷம் ஒண்ணும் இல்லீங்க," என்பார் மாமா.

'இல்லை' என்று எழுதுவேன். மாமா பக்கத்துச் சாக்குக்காரரைப் பார்த்து, "நம்ம புள்ள," என்று மெல்லச் சொல்வார். நான் கேளாததுபோல நடந்துவிடுவேன். ஆவணியிலிருந்து புரட்டாதி முடியும்வரை ஒவ்வொரு புதனும் இப்படித்தான்.

ஒரு புதன் மாத்திரம் அக்காவும் வந்திருந்தாள். இடுப்பில் மூன்று வயது மகள் செல்வி. அன்று என்னோடு கணக்குப் பகுதியில் வேலை செய்த இன்னொரு பெண்ணும் தக்காளி வாங்க வந்திருந்தாள். நான் கேள்வியைக் கேட்க, மாமா வழக்கமான பதிலைச் சொல்ல, அக்கா குறுக்கே வந்தாள்.

"இந்தா பாருடி, அந்த மதகுகிட்ட மண்ணு புதுசா கெடக்கு. யாரோ தோண்டி மூடியிருக்கானுங்க. அப்பறம் நம்ம சமையக்காரரு..."

கணக்குப் பகுதிப் பெண் என்னைத் திரும்பிப் பார்த்தாள். அந்த 'பாருடி'யும் 'கெடக்கு'ம் சந்தை முழுக்கக் கேட்டதுபோல எனக்குப் பட்டது. காது சுட்டது.

"அக்கா," என்றேன். "கேக்கிறதுக்கு மட்டும் பதில் சொல்லுங்கோ."

அக்கா என்னை மேலும் கீழும் பார்த்தாள். "சரிங்க, கிளாக்கரம்மா," என்றாள். பிள்ளையை மற்ற இடுப்புக்கு மாற்றிக்கொண்டு வெங்காயக்காரியின் பக்கம் போய்விட்டாள். நான் 'இல்லை' என்று எழுதினேன்.

அடுத்த கிழமை ஒரு தீர்மானம் எடுக்க வேண்டியிருந்தது. மாரி தொடங்கினால் அந்தக் குடியேற்றத்துக்குப் போகும் பாதையில் வாய்க்கால் குறுக்கே பாயும். அதனால் வருடாவருடம் மழைக்கு முன்பே அரிசி, மா, பருப்பு, வயிற்றோட்டத்துக்குக் கரைத்துக் கொடுக்கும் ஜீவனிப் பைக்கற்றுகள் எல்லாம் அங்குள்ள பள்ளிக்கூடத்தில் கொண்டுபோய் இறக்குவோம். இந்த வருடம் சமாதானம். மல்லாவிப் பக்கம் ஊர்திரும்பும் சனத்துக்குக் கூரைத்தகடு ஏற்ற லொறி தேவை. இருந்தவை இரண்டு லொறிகள்.

பெரிய கிளாக்கர் என் கோவையைப் புரட்டினார். "எல்லாக் கிழமையும் 'இல்லை' எண்டுதானே கிடக்கு. பாதை திறந்திருக்கு. வேணுமெண்டால் ஒரு நாளில கொண்டுபோகலாம். முதல்ல தகட்டை ஏத்துவம். என்ன சொல்லுறீர், பிள்ளை? உம்மட சனம்தானே அங்க."

'உம்மட சனம்' என்ற சொல்லைத்தான் நான் கேட்டேன். கேள்வி காதில் ஏறவில்லை. "அங்க பிரச்சினை ஒண்டும் இல்லை சேர்," என்றேன்.

மாமா சந்தையில் சொன்ன 'இல்லை' என் தாளில் இறங்கியது. பெரிய கிளாக்கரின் மேசையில் 'பிரிவு முழுவதும் வழமை நிலை' ஆனது. கச்சேரியில் எல்லாப் பிரிவுகளையும் சேர்த்து 'மாவட்டத்தில் அமைதி நிலவுகிறது' என்று தட்டச்சுச் செய்தார்கள். அங்கிருந்து மேலே போனது எனக்குத் தெரியாது. ஆனால் மற்ற மாவட்டங்களிலும் என்னைப்போல ஆட்கள் இருந்திருப்பார்கள். எல்லோருக்கும் சமாதானம் வேண்டியிருந்தது. வேண்டியதையே படிக்கக் காத்திருப்பவர்களுக்கு 'இல்லை' என்ற சொல்லைப்போல இனிப்பானது வேறில்லை.

பத்து நாளில் சண்டை தொடங்கியது. மாலை வாங்கிய படையும், பொடியள் என்று நாங்கள் சொல்லும் இயக்கத்துப் போராளிகளும் மோதினார்கள். ஆனையிறவு மூடப்பட்டது. ஊரடங்கு வந்தது. தெருவில் சைக்கிள்கூட ஓடவில்லை. வானொலியில் 'திடீரென வெடித்த மோதல்' என்றார்கள். அந்த மதகு சிதறியதில் குடியேற்றத்துக்கான பாதை அறுந்தது. மூன்றாம் நாள் மழையும் தொடங்கிவிட்டது. பணிமனை யன்னலால் அந்த மழையைப் பார்த்தபடி, பள்ளிக்கூடத்தில் இல்லாத அரிசி மூட்டைகளை மனத்துக்குள் அடுக்கி அடுக்கிப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

கிட்டத்தட்ட ஐந்து கிழமை அந்தப் பக்கத்திலிருந்து ஒரு சொல்லும் வரவில்லை. இடையில் கச்சேரி விளக்கம் கேட்டது. அந்தக் குடியேற்றத்துக்கு ஏன் முன்கூட்டி உணவு அனுப்பப்படவில்லை? பதிலை எழுதும்படி பெரிய கிளாக்கர் என்னிடம் தந்தார். நான் என் கோவையைப் பார்த்தேன். எல்லா வாரமும் கேட்டிருக்கிறேன். எல்லா வாரமும் பதில் எழுதியிருக்கிறேன். மனச்சாட்சி குத்தாமலே எழுதினேன்: 'கிராமத்திலிருந்து எச்சரிக்கைத் தகவல் எதுவும் கிடைக்கவில்லை.'

கடிதம் போன பிறகுதான் பாதை திறந்தது. முதல் லொறியில், அரிசி மூட்டைகளுக்கு மேலே இருந்து நானும் போனேன்.

மாமா பள்ளிக்கூட வாசலில் நின்றார். கன்னம் ஒட்டிப்போயிருந்தது. லொறியிலிருந்து இறங்கியதும் அக்காவைப் பற்றித்தான் கேட்டேன்.

"வீட்டுலதான் இருக்கா. நீ இப்ப அங்கிட்டுப் போவாத தாயி," என்றார். "செல்வி போயிருச்சு."

மூன்றாம் கிழமையில் போயிருக்கிறது. அரிசி முடிந்து, கிழங்கும் இலையும் அவித்துத் தின்று, குளத்துத் தண்ணீரைக் குடித்து, ஊர் முழுக்க வயிற்றோட்டம். பெரியவர்கள் தாங்கிக்கொண்டார்கள். செல்வி நான்கு நாள் தாங்கினாள். அக்கா அவளைத் தூக்கிக்கொண்டு வாய்க்கால் வரை இரண்டு தடவை போய், கடக்க முடியாமல் திரும்பியிருக்கிறாள். நான் இறக்க வந்த பெட்டி ஒன்றில் ஜீவனிப் பைக்கற்றுகள் நிறைய இருந்தன.

அழவேண்டிய இடத்தில் எனக்குக் கோபம் வந்தது. அதையும் மறைக்காமல் சொல்கிறேன்.

"மதகில தோண்டியிருந்தது உங்களுக்குத் தெரியும். வேற என்ன தெரியும் மாமா?"

"சமையக்காரரு வந்து சொன்னாரு, இனிமே வரமாட்டேன் அண்ணே, நீங்களும் ரோட்டுப் பக்கம் வராதீங்கன்னு. கண்ணு கலங்கிருச்சு அவருக்கு. பொடியளும் ஒரே நாள்ல காணாமப் போயிட்டாங்க. சாமான் ஏத்துற லொறிக்காரன் வந்து அவன் தங்கச்சி குடும்பத்தை ஏத்திக்கிட்டுப் போயிட்டான்."

"இவ்வளவும் தெரிஞ்சும் ஏன் சொல்லேல்ல? ஒவ்வொரு கிழமையும் கேட்டனான்தானே!"

மாமா என்னைப் புரியாமல் பார்த்தார். "நீ விசேஷம் இருக்கான்னுதானே தாயி கேட்ட?"

"ஓம்!"

"விசேஷம்னா கல்யாணம், காதுகுத்து, புள்ள உண்டாவுறது. அப்படி ஒண்ணும் நடக்கலியே. நடந்ததெல்லாம் கெட்டது. கெட்டதைப் போயி விசேஷம்னு எப்படிம்மா சொல்லுவேன்? அதுவும் சர்க்கார் தாளுல, நீ எழுதுற தாளுல?"

எனக்கு அந்தச் சொல் தெரியாததல்ல. லயத்தில் யார் வீட்டிலாவது பலகாரம் சுட்டால், "என்னா விசேஷம்?" என்று கேட்டுக்கொண்டு ஓடியவள் நான். அந்தச் சொல்லையும் மற்றவற்றோடு சேர்த்துத் துடைத்துவிட்டிருந்தேன். பணிமனையில் இரண்டு தமிழும் தெரிந்த ஒரே ஆள் நான்தான். இரண்டுக்கும் நடுவில் நின்று, ஒன்றைக் கேளாமல் விட்டவளும் நான்தான். மாமாவுக்காவது ஒரு சொல் பிழைத்தது. அக்கா அந்தச் சொல்லைத் தாண்டிச் சொல்லவே வந்தாள். அவள் வாயை நான் மூடினேன்.

திரும்பி வந்து பெரிய கிளாக்கரிடம், கச்சேரிக்கு அனுப்பிய கடிதம் பிழை, தகவல் இருந்தது, நான்தான் எடுக்கவில்லை, திருத்தி எழுதவேண்டும் என்றேன்.

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "போன கடிதம் போனதுதான் பிள்ளை. இப்ப நீர் இதை எழுதினால் உமக்கு விசாரணை. எனக்கும் விசாரணை. செத்தது திரும்பி வருமே?"

நான் திருத்தி எழுதவில்லை. அந்தக் கடிதம் இன்றும் கோவையில் இருக்கிறது. கீழே என் முதலெழுத்து. எங்கள் சனம் எதுவும் அறிவிக்கவில்லை என்று சர்க்கார் தாளில் எழுதியவள், அவர்களில் முதலில் எழுதப் படித்தவள்.

அதற்குப் பிறகு நான் சந்தையில் நின்று தகவல் எடுப்பதை விட்டேன். சைக்கிளில் குடியேற்றத்துக்கே போனேன். படிவத்தை வெளியே எடுப்பதில்லை. "போன வாரம் செஞ்சு இந்த வாரம் செய்யாம விட்டது என்னா?" என்று கேட்பேன், என் பழைய பேச்சிலேயே. முதலில் எனக்கே நாக்கு திரும்பவில்லை. இரண்டு பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். பிறகு சொல்லத் தொடங்கினார்கள். வடக்குப் பக்கம் விறகுக்குப் போவதில்லை. குமர்ப்பிள்ளைகளைத் தனியே கிணற்றுக்கு அனுப்புவதில்லை. தபாற்காரர் குறுக்குப் பாதையால் வருவதில்லை. ஒருவரும் இவற்றைச் செய்தி என்று நினைக்கவில்லை. ஆபத்து முதலில் மாற்றுவது சனத்தின் கால்கள் போகும் பாதையைத்தான். அதை நீங்கள் கேட்காவிட்டால் அவர்களாகச் சொல்லமாட்டார்கள். எழுதினால் கட்டத்துக்குள் அடங்காது, பின்பக்கத்தில் எழுதுங்கள். யானைவெடி என்று சிரித்தால் சிரிக்கட்டும்.

அக்கா என்னோடு கதைப்பாள். தேத்தண்ணி தருவாள். என் சேலைக்கரை கிழிந்திருந்தால் இழுத்துவைத்துத் தைத்தும் விடுவாள். தகவல் மட்டும் தரமாட்டாள். இரண்டு வருடத்தில் ஒரு தடவைகூட இல்லை.

இந்த வருடம், அமைதிப்படை திரும்பிப் போகப்போகிறது என்று எல்லோரும் கதைக்கத் தொடங்கிய நாட்களில் ஒருநாள் போனேன். மூலையில் ஒரு சாக்கு நின்றது. அண்டாவின் வாய் வெளியே தெரிந்தது. மண்வெட்டியிலிருந்து பிடியைக் கழற்றி வைத்திருந்தாள்.

"எங்கக்கா போறே?"

அக்கா அடுப்புக்குள் ஒரு விறகைத் தள்ளினாள்.

"என்ன நடக்கப்போவுது? யாரு என்ன சொன்னாங்க?"

அக்கா அடுப்பிலிருந்து திரும்பாமலே சொன்னாள்: "ஒண்ணும் இல்லைன்னு எழுதிக்க."

அந்த வாரம் நான் இப்படி எழுதினேன்: 'ஒரு குடும்பம் பாத்திரங்களைச் சாக்கில் கட்டிவைத்துள்ளது. காரணம் கூற மறுக்கின்றது.' பெரிய கிளாக்கர் அந்த வரிக்கு மேலே பென்சிலைப் பிடித்தார்.

"ஒரு குடும்பம் சாமான் கட்டினதைக் கச்சேரிக்கு அறிவிக்கோணுமே பிள்ளை? ஆர் அவை?"

"என்ர அக்கா, சேர்."

"ஏன் எண்டு கேட்டனீரே?"

"கேட்டனான். எனக்குச் சொல்லமாட்டாவாம்."

அவர் பென்சிலைக் காதில் செருகினார். வரியை வெட்டவில்லை. மறுகிழமையே குடியேற்றத்துக்கு அரிசியும் மருந்தும் போயின, மழைக்கு முன்பாக. லொறியோடு நானும் போனேன். அக்காவின் கதவு கம்பியால் கட்டியிருந்தது. மாமாவிடம் கேட்டேன். அவர் தலைத்துண்டை எடுத்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டார்.

"எங்கேன்னு எனக்குத் தெரியும் தாயி. உன்கிட்ட மட்டும் சொல்லக்கூடாதுன்னு சத்தியம் வாங்கிட்டுப் போயிருக்கா."

அடுத்த கிழமையிலிருந்து அங்கே போகப்போவது உங்களில் ஒருவர். உட்காருங்கள், படிவத்தை வெளியே எடுக்காதீர்கள். அக்கா போன இடத்தை மாமா உங்களிடம் சொல்லக்கூடும். முழுவதையும் கேளுங்கள். எனக்கு அறிவிக்கத் தேவையில்லை.